உறுப்புகள் பல, தேர் ஒன்று

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டபோது, 'பொம்மைக் கார்' என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று எண்ணினார் போலும். விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் விளையாட்டாகப் பேசப் போவதில்லை. வெவ்வேறு பொம்மைகளின் உறுப்புகளைப் பிரித்தெடுத்து, அவற்றை இணைத்து, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறிய காரை உருவாக்கும் கலை ஒன்று இருக்கிறது. அந்தக் கலை எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அந்தப் பாடத்தை இவ்வட்டத்தின் முன் சொல்லியாக வேண்டிய கடன் எனக்கு உண்டு. ஏன் கடன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சிறுதேரின் மரபு

சிறிய வண்டி செய்து மகிழ்வது நமக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டி வருகின்றனர். நெல்லைத் தின்ன வரும் கோழியின் மீது மகளிர் எறிந்த பொற்குழை குறுக்கே கிடந்து அந்தத் தேரைத் தடுக்கிறது. செல்வத்தின் பெருமையைச் சொல்ல வந்த புலவர், அதற்கு அளவுகோலாக எடுத்துக் கொண்டது ஒரு பொம்மை வண்டியின் சக்கரம். அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில், ஏறிச் செல்ல முடியாத நல்ல தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள், செவிலியர் பாலுண்டு உறங்குகின்றனர். தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி செய்யப்பட்ட தேர் அது என்று அங்கே பொருள் கொள்வதுண்டு. நாள்தோறும் உளியும் மரமும் பார்த்து வளர்ந்த பிள்ளையே ஆசைப்பட வேண்டுமானால் அந்த வேலைப்பாடு எப்படி இருந்திருக்க வேண்டும்!

குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தச்சன் செய்து கொடுத்த சிறு குதிரை வண்டியில் குழந்தைகள் ஏறிச் செல்வதில்லை. ஆயினும் கையால் இழுத்தே இன்பம் அடைகின்றனர். தலைவனோடு கூடாவிடினும் அவனது நட்பு பெருகுவதே எமக்கு இன்பம் என்பதற்கு இதை உவமையாக்குகிறாள் தோழி. பயன்படாத ஒன்று தருகிற இன்பம் எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஏறிச் செல்ல முடியாத வண்டி, சோறு போடாத கவிதை. இரண்டும் ஒரே குடும்பம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவம் சிறுதேர் என்பதும் நீங்கள் அறிந்ததே.

நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எல்லோரும் வண்டி செய்தவர்களே. தின்று முடித்த இரண்டு நுங்குக் கூடுகளை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்குச்சி கொண்டு தள்ளினால் அது நுங்கு வண்டி. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம், பவுடர் டப்பா உடற்பகுதி, குடைக்கம்பி அச்சு. தீப்பெட்டியும் சோடா மூடியும் சேர்ந்தால் லாரி. இவற்றில் எந்த உறுப்பும் வண்டிக்கென்று பிறந்ததில்லை. ஒன்று மரத்தில் காய்த்தது, ஒன்று காலில் தேய்ந்தது, ஒன்று கடையில் விற்றது. இவை கூடிய பின் வந்த வண்டியோ, அந்தச் சிறுவனுடையது. அதை யாரும் மறுத்ததில்லை.

இரண்டு பள்ளிகள்

இதே கலை மேலைநாடுகளில் வேறொரு பாதையில் வளர்ந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஃபிஷர் பாடி என்னும் பிரிவு, 1930-இல் சிறுவர்களுக்கென ஒரு கைவினைப் போட்டியைத் தொடங்கியது. நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டி ஒன்றின் வரைபடத்தைக் கொடுத்து, அதன் சிற்றுருவைச் செய்யச் சொன்னார்கள். ஒவ்வோர் உறுப்பையும் சிறுவர்கள் தாமே செதுக்க வேண்டும், வார்க்க வேண்டும், தைக்க வேண்டும். 1937 முதல் தாமே கற்பனை செய்த காரை, உண்மைக் காரில் 12-இல் ஒரு பங்கு அளவில் செய்யும் போட்டியும் சேர்ந்தது. வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை கிடைத்தது. 1968 வரை இது நடந்தது.

மற்றொரு பள்ளி, பெட்டியில் வந்தது. காரின் உறுப்புகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, கொடியில் காய் தொங்குவது போல ஒரே சட்டத்தில் கோத்து விற்கும் தொகுதிக்குக் 'கிட்' என்று பெயர். ஏ.எம்.டி. என்னும் அமெரிக்க நிறுவனம் 1958-இல் ஒரு புதுமை செய்தது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கார் செய்வதற்கான உறுப்புகளைத் தந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒன்று, உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றிக் கொண்டது போல ஒன்று, பந்தயத்துக்கென ஒன்று. சிறுவன் ஒரு காரைத்தான் செய்ய முடியும். ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் உறுப்புகள் மிஞ்சின. மிஞ்சியவை ஒரு டப்பாவில் சேர்ந்தன. ஒரு நாள் அந்த டப்பாவைக் கொட்டிப் பார்த்த சிறுவன், ஒரு காரின் முகத்தை இன்னொரு காரின் உடலில் வைத்துப் பார்த்தான். அவ்வளவுதான். 'கிட்பாஷிங்' என்று பின்னாளில் பெயர் பெற்ற கலை, மிச்சங்களிலிருந்தும் பிறந்தது. 1977-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தில் நாம் கண்டு வியந்த விண்கலங்களின் மேற்பரப்பெல்லாம், கடையில் விற்ற டாங்கி, விமானக் கிட்களிலிருந்து எடுத்து ஒட்டிய சிற்றுறுப்புகள் என்றால் நம்புவீர்களா?

எல்லாவற்றையும் தானே செய்பவன் ஒரு பக்கம். பிறர் செய்தவற்றை இணைப்பவன் மறுபக்கம். இவர்களுள் யார் படைப்பாளி? இந்தக் கேள்வி கவிஞர்களாகிய நமக்கும் பழையதுதான். நான் அதற்கு ஒரு காலத்தில் மிக விரைவாக விடை சொல்லி இருக்கிறேன்.

ஒரு மாலை

நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டில், மாதக் கூட்டம் ஒன்றுக்கு ஓர் இளைஞர் வந்தார். முதல் வருகை. கையில் மடித்த தாள். கவிதை வாசிக்க அனுமதி கேட்டார், கொடுத்தோம். அவருடைய பாட்டி தாலாட்டில் பாடிய சொற்கள், ஊர்ச் சாவடியில் ஒட்டியிருந்த வரி பாக்கி அறிவிப்பின் சொற்கள், ஊருக்கு வரும் பேருந்தில் நடத்துநர் நிறுத்தங்களைக் கூவும் சொற்கள். இம்மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார். தாம் சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை.

வாசித்து முடித்ததும் கருத்துச் சொல்லும் முறை என்னுடையது. "இது ஒட்டுவேலை. இதில் உங்களுடையது எது, தம்பி?" என்று கேட்டேன். அவை சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். கூட்டம் முடியும் வரை இருந்து, நன்றி சொல்லி விட்டுத்தான் போனார். பிறகு வரவில்லை. அவரது பெயரை வருகைப் பதிவேட்டில் பின்னர்த் தேடினேன். பதிவேட்டில் கையெழுத்திடச் சொல்லக்கூட நாம் மறந்திருந்தோம்.

என் தந்தையின் கார்

என் தந்தையார் புதுக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டியவர். 1978-இல் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினார். பொன்னமராவதிப் பக்கத்துத் திருமணங்கள், பிரசவத்துக்கு நள்ளிரவில் மருத்துவமனை, பழனிக்கும் திருச்செந்தூருக்கும் குடும்பங்கள் என்று பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கார் ஓடியது. ஓடியது என்று சொல்வதைவிட, ஓடுவதற்காக மாறிக்கொண்டே இருந்தது என்பது பொருந்தும். முன் மட்கார்டு வேறொரு காருடையது. ஸ்டியரிங் வேறொன்றுடையது. இடப்புறப் பின்கதவு திருச்சியில் பழைய சாமான் கடையில் வாங்கியது; அதன் வெள்ளை, காரின் வெள்ளையோடு ஒத்துப் போகவில்லை. பணம் வரும்போது பெயின்ட் அடிக்கலாம் என்றார். பணம் வரும்போதெல்லாம் வேறு செலவு வந்தது. 1996-இல் அந்தக் கார் காயலான் கடைக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் அவரும் போய்விட்டார்.

அம்பாசிடர் என்னும் அந்தக் காரே ஓர் இணைப்புதான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தில் பிறந்து, வங்காளத்தின் உத்தரபாராவில் வளர்ந்து, 1990-களில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் எஞ்சின் வடிவமைப்பையும் ஏற்றுக் கொண்டது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. அதை இந்தியக் கார் என்றே உலகம் சொன்னது. அது தவறும் அன்று.

என் மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, டிங்கரிங் பட்டறையில் வேலை பார்ப்பவன். தாத்தாவை அவன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு: கார் பக்கவாட்டில் நிற்க, கதவில் கை வைத்துத் தந்தையார் நிற்கிறார். ஒரு நாள் அவன் அந்தப் படத்தை வைத்துக் கொண்டு என்னிடம் கேட்டான்: "ஐயா எவ்வளவு உயரம்ப்பா?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகள் கவிதை எழுதியவன், தந்தையைப் பற்றியே பல கவிதைகள் எழுதியவன், அவரது உயரம் தெரியாமல் நின்றேன். என் தாயார்தான் உள்ளிருந்து சொன்னார்: "நிலையில அந்தத் தாமரைப்பூ இருக்குல்ல, அதோட கீழ் இதழுக்கு நேராத்தான் அவுக தலை வந்து நிக்கும்." மகன் அளவு நாடாவை எடுத்துக் கொண்டு வாசல் நிலைக்குப் போனான். ஐந்தடி ஆறு அங்குலம். அந்த அளவைக் கொண்டு படத்திலிருந்த காரின் ஒவ்வொரு பகுதியையும் கணக்கிட்டான். தந்தையின் உயரமே காருக்கு அளவுகோலாயிற்று.

வேலை

இந்தக் கலையில் முதல் சட்டம் அளவு விகிதம். உண்மைக் கார் எவ்வளவு, சிறு கார் எவ்வளவு என்பதற்கு ஒரே கணக்கு வேண்டும். 24-இல் ஒரு பங்கு என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம். 25-இல் ஒரு பங்கு என்பதும் உலகெங்கும் வழக்கில் உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடரை 24-இல் ஒரு பங்காகச் செய்தால் 179 மில்லிமீட்டர். 25-இல் ஒரு பங்காகச் செய்தால் 172. ஒன்றின் கதவை மற்றொன்றின் உடலில் பொருத்திப் பாருங்கள், இடிக்கும். சிற்பிகள் முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு உடலை வகுப்பதும் இதே அறிவுதான். முகம் ஒரு கணக்கிலும் கால் வேறு கணக்கிலும் இருந்தால் கல் கல்லாகவே நின்றுவிடும்.

வெளிநாட்டுக் கிட் எதுவும் என் மகனிடம் இல்லை. திருவிழாக் கடையில் ஒரு பிளாஸ்டிக் அம்பாசிடர் வாங்கினான். அதன் அகலமும் உயரமும் 36-இல் ஒரு பங்கு. அதாவது ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம். ஆனால் பொம்மை செய்தவர் பெட்டிக்குள் அடங்கட்டும் என்று நீளத்தைச் சற்றுக் குறைத்திருந்தார். 4 மில்லிமீட்டர் குறைவு. எனவே அதே பொம்மையில் இன்னொன்று வாங்கினான். முதற்பொம்மையை அறுக்க வேண்டிய கோட்டுக்குச் சற்றுப் பின்னே அறுத்தான். இரண்டாவதைச் சற்று முன்னே அறுத்தான். முதலாவதின் முன்பாதியையும் இரண்டாவதின் பின்பாதியையும் சேர்த்தபோது 4 மில்லிமீட்டர் கூடி வந்தது. அறுப்பதற்கு முன் மூன்று நாள் வெறுமனே அளந்து கொண்டிருந்தான். "அறுத்த பிறகு யோசிக்க முடியாதுப்பா" என்றான்.

சக்கரங்கள் ஒரு ஜீப் பொம்மையிலிருந்து வந்தன. அம்பாசிடரின் உள்வளையம் 15 அங்குலம். 36-இல் ஒரு பங்கு பத்தரை மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் பல பொம்மைகளைத் தேடினான். மேற்கூரைச் சட்டம் ஒரு லாரி பொம்மையுடையது. கண்ணாடிகள் இனிப்புப் பெட்டியின் மூடியிலிருந்து வெட்டியவை.

அடுத்தது இணைப்பு. நான் பசை என்றே நினைத்திருந்தேன். அது பசை அன்று. பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கை இணைக்கும் திரவம், இரு பக்கத்து விளிம்புகளையும் சற்றே கரைக்கிறது. கரைந்தவை ஒன்றோடொன்று கலக்கின்றன. பிறகு திரவம் ஆவியாகிப் போய்விடுகிறது. இடையில் மூன்றாம் பொருள் எதுவும் நிற்பதில்லை. விளிம்பில் பழைய பெயின்ட் இருந்தால் இது நடக்காது. பெயின்டைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். நம் ஊர் ஐயனார் கோயில்களில் புரவி எடுப்புக்கு மண்குதிரை செய்யும் வேளாரைக் கேட்டுப் பாருங்கள். கால் தனி, உடல் தனி, கழுத்தும் தலையும் தனியாகச் செய்து, ஈரம் முற்றும் காயும் முன் இணைக்கிறார். விளிம்பைக் கீறி, குழைத்த மண் பூசிச் சேர்க்கிறார். உலர்ந்த பிறகு சேர்த்தால் சூளையில் விட்டுப் போகும். இளகாத விளிம்பு இணையாது.

எல்லாப் பிளாஸ்டிக்கும் கரைவதில்லை. ஜீப்பின் சக்கரங்கள் எந்தத் திரவத்துக்கும் இளகவில்லை. அவற்றுக்குத் துளையிட்டு ஊசி கொண்டு அச்சு அமைத்தான். இளகாததை ஆணியால்தான் நிறுத்த வேண்டும்.

இணைத்த இடத்தில் பட்டி பார்த்தான், உப்புத்தாளால் தேய்த்தான். என் கண்ணுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது சாம்பல் நிறப் பிரைமரை ஒரு பூச்சுப் பூசினான். அடடா! பல நிறத்தில் இருந்தபோது தெரியாத பள்ளமெல்லாம் ஒரே நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர். நான்காம் முறை அந்தக் கோடு மறைந்தது.

அப்போது நான் கேட்டேன். கேட்க வேண்டுமென்று கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. "முன்பாதி ஒரு பொம்மை, பின்பாதி ஒரு பொம்மை, சக்கரம் ஒரு பொம்மை. இதில் உன்னுடையது எதுடா?"

அவன் காரை விளக்கருகே பிடித்தான். "இங்கே ஒட்டின கோடு தெரியுதாப்பா?"

"தெரியவில்லை."

"அதுதான் என்னுது."

தளை என்னும் உறுப்பு

நண்பர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் அந்த இளைஞரைக் கேட்ட கேள்வியை என் மகனிடமும் கேட்டிருக்கிறேன். அவர் விடை சொல்லாமல் போனார், இவன் சொன்னான். அந்த விடை நமது யாப்பிலக்கணத்திலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறு உறுப்புகள். இவற்றுள் தளை என்பது என்ன? ஒரு சீரும் மறு சீரும் கூடும் இடம். அந்த இடத்தில் எழுத்தும் இல்லை, ஓசையும் இல்லை. இருந்தும் அதை ஓர் உறுப்பு என்றே நம் முன்னோர் எண்ணினர். பாவின் இனம் இன்னதென்று காட்டுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. வெண்டளை பிறழ்ந்தால் வெண்பா இல்லை. இணைப்பையே உறுப்பாக எண்ணிய மரபில் வந்த நான், ஓர் இணைப்பாளரைப் பார்த்து 'உன்னுடையது எது' என்று கேட்டேன்.

சொற்களில் ஒன்றேனும் நம்முடையதா? பாட்டியிடமும் பள்ளியிலும் சந்தையிலும் வாங்கியவை. சங்கப் பாடல்களே தொகைகளாகத்தான் நம் கைக்கு வந்தன. உரைகாரர்கள் கொண்டுகூட்டிப் பொருள் சொல்வதைப் பொருள்கோளுள் ஒன்றாக இலக்கணம் வகுத்தது. முன்னோர் மொழியை எடுத்தாள்வதற்கு நன்னூலும் இடம் தருகிறது. ஆகவே எடுப்பது குற்றமன்று. எப்படிச் சேர்க்கிறோம் என்பதே கேள்வி.

அதற்காக எல்லா ஒட்டுவேலையையும் படைப்பென்று நான் சொல்ல வரவில்லை. என் மகனின் மேசையில் நான் கண்ட சோதனைகளை அப்படியே கவிதைக்கும் வைக்கலாம். முதலாவது, அளவு: எடுத்த உறுப்புகள் ஒரே கணக்கில் நிற்கின்றனவா? குடிசையைப் பற்றிய கவிதையில் அரண்மனை உவமை புகுந்தால் கதவு இடிக்கும். இரண்டாவது, விளிம்பு: எடுத்த சொல்லின் மேல் பழைய பெயின்ட் இன்னும் இருக்கிறதா? சுரண்டாமல் வைத்தால் ஒட்டாது. நாமும் நம் பக்கத்து விளிம்பைச் சற்றுக் கரைத்தாக வேண்டும். பிறர் சொல் மட்டும் இளகி நாம் இளகாவிட்டால் அது இணைப்பாகாது. மூன்றாவது, இளகாத பொருள்: சில வரிகள் எவ்வளவு முயன்றாலும் நம்முடையதாகக் கரைவதில்லை. அவற்றை மேற்கோள் என்னும் ஆணியால் வெளிப்படையாக நிறுத்துவதே நேர்மை. நான்காவது, சாம்பல் பூச்சு: நிறங்களையெல்லாம் நீக்கிப் படித்தால் பள்ளம் தெரிகிறதா? வாசிக்கும் குரலின் இனிமையும், அவையின் கைதட்டலும் நிறங்களே. பூச்சுக்குப் பின் நிற்பதே கவிதை.

நகைகள் யாருடையவை

இன்னும் ஒன்று உண்டு. நம் மாவட்டத்து மேலைச்சிவபுரியில் 1909-இல் சன்மார்க்க சபை தோன்ற முதன்மைக் காரணமாக இருந்தவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். ஊன்றுகோலின் துணையோடு நடந்த அப்பெருமகனார், சூத்திரகர் வடமொழியில் எழுதிய மிருச்சகடிகத்தைத் தமிழாக்கி, 'மண்ணியல் சிறுதேர்' என்று பெயரிட்டார். அந்நாடகத்தில் சாருதத்தனின் மகன், அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்தேரைப் பார்த்து அழுகிறான். பணிப்பெண் மண்ணால் ஒரு தேர் செய்து தருகிறாள். அது வேண்டாம் என்கிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண்தேர் நிறைய வைத்து, இதைக் கொண்டு பொன்தேர் செய்துகொள் என்கிறாள். எவ்வளவு அன்பு! ஆனால் பின்னர் அதே நகைகள் வழக்கு மன்றத்தில் விழும்போது, இவை யாருடையவை என்ற கேள்வி எழுகிறது. விடை சொல்ல வேண்டியவன் தயங்குகிறான். கொலை செய்யாதவன் மீது கொலைப்பழி உறுதியாகிறது.

அன்பால் வந்த பொருளே ஆனாலும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் அது சாட்சியாக மாறி நிற்கும். என் மகன் தன் காரின் அடிப்பலகையில் ஊசியால் கீறி வைத்திருக்கிறான்: முன்னும் பின்னும் இரு பொம்மைகள், சக்கரம் ஜீப், கூரைச் சட்டம் லாரி, கண்ணாடி இனிப்புப் பெட்டி, உயரம் அப்பத்தா சொன்னது. காரைத் தலைகீழாகத் திருப்பினால்தான் தெரியும். ஆனால் திருப்புபவருக்குத் தெரியும். அந்த இளைஞரும் தம் கவிதையில் எதையும் மறைக்கவில்லை. பாட்டி பாட்டியாகவே பேசினாள். அறிவிப்பு அறிவிப்பாகவே பேசியது. அவர் அடிப்பலகையை நம் கண்முன் திருப்பிக் காட்டினார். அதை நான் குற்றமாகக் கொண்டேன்.

பின்கதவு

கார் முடியும் தறுவாயில் வெள்ளை பூசினான். அப்பழுக்கில்லாத வெள்ளை. இணைப்பு தெரியவில்லை. அழகாக இருந்தது, ஆனால் அது என் தந்தையின் கார் இல்லை. ஏதோ ஓர் அம்பாசிடர். மகனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தான். பிறகு படத்தை எடுத்துப் பார்த்தான். படத்தில் இடப்புறப் பின்கதவு மட்டும் சற்று வெளிறி இருந்தது. என்னிடம் காட்டினான். திருச்சிக் கதவைப் பற்றிச் சொன்னேன். அன்று மாலை அந்த ஒரு கதவை மட்டும் வேறொரு வெள்ளையில் பூசினான்.

என் தாயார் அதைக் கையில் வாங்கினார். கண்பார்வை மங்கியவர். கூரையையோ சக்கரத்தையோ பார்க்கவில்லை. அந்தக் கதவின் மேல் விரலை வைத்தார். "பெயின்ட் அடிக்கணும் அடிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றார்.

நான்கு முறை தேய்த்து மறைத்த இணைப்பு ஒன்று. மறைக்காமல் காட்டிய இணைப்பு ஒன்று. எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்பதை முடிவு செய்கிறவனே படைப்பாளி. அந்த இளைஞரின் கவிதையில் தாலாட்டுக்கும் வரி அறிவிப்புக்கும் இடையே இருந்த அந்தப் பொருந்தாத நிறம், அவர் வேண்டுமென்றே பூசியது. பாட்டியின் நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அங்கே சொல்லியிருந்தார். பேருந்து ஏன் அந்த ஊரைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது என்பதும் அங்கே இருந்தது. அது எனக்கு விளங்க ஏழாண்டுகள் ஆயின.

பத்தாண்டுகளில் நம் வட்டம் பல நல்ல கவிஞர்களைக் கண்டிருக்கிறது. ஒருவரை இழந்தும் இருக்கிறது, இழந்தது என்னால். இந்த மலர் ஊர் ஊராகப் போகும் என்று சொல்கிறார்கள். அவர் கையிலும் கிடைக்கக்கூடும். தம்பி, நான் கேட்ட கேள்வி தவறானது. உங்களுடையது எது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அந்தத் தாள் இன்னும் உங்களிடம் இருந்தால், ஒரு மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முதலில் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதுவோம், பிறகு கேட்போம்.